அறுபது கோட்டுகளின் உள்பக்கம்

மெல்போர்னிலிருந்து நான் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்த பெட்டியில் முக்கால்வாசி என் மூன்று வயது மகள் மீனுவுக்கானது. கொசுக்கடிக் களிம்பு, காய்ச்சல் மருந்து, வடிகட்டியுள்ள தண்ணீர் பாட்டில், இரண்டு தெர்மாமீட்டர். இரண்டு எதற்கு என்று கணவர் கேட்டார். ஒன்று தப்பாகக் காட்டினால் சரிபார்க்க இன்னொன்று வேண்டாமா? மீதி இடத்தில் என் துணிமணிகளும் ஒரு மெல்லிய கோப்பும் இருந்தன. அந்தக் கோப்புக்காகத்தான் இந்தப் பயணமே.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன இறக்குமதி நிறுவனத்தில். முதலாளி ஹெலனையும் சேர்த்து மூன்றே பேர். ஓட்டல் பணியாளர்கள் போடும் பருத்திக் கோட்டுகளைத் தைத்து வாங்கி விற்கிறோம். இந்த முறை முதல் அறுபது கோட்டுகளை ஒரத்தநாட்டில் ஒரு தையல் கூடத்துக்குக் கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை அவை துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். கூடவே ஓர் உறுதிமொழித் தாளும் போக வேண்டும். கோட்டு இந்தியாவில் வெட்டி, இந்தியாவில் தைக்கப்பட்டது. அதிலுள்ள வேற்று நாட்டுத் துணியும் நூலும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. இப்படி ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எங்களுக்கு வரிச் சலுகை.

“தமிழ் தெரிந்தவள் நீதான். போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வா” என்றார் ஹெலன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் மீனுவும் வந்தாள். எனக்குச் சொந்த ஊர் சேலம். தஞ்சாவூர்ப் பக்கம் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

முதல் நாள் காலையில் தங்கிய விடுதியில் இட்லிக்குக் கடப்பா வந்தது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற பதார்த்தம். மீனுவுக்குக் காரமாக இருக்குமோ, தேங்காய் சேருமோ என்று நான் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஓர் அம்மா.

“பாப்பா, இங்க வா. உங்கம்மா யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இட்லி ஆறிப்போயிடும்.”

மீனு இறங்கிப் போய்விட்டாள். முன்பின் தெரியாதவர் கையால் இரண்டு இட்லி. மெல்போர்னில் இன்னொருவர் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்பார்கள். நான் சிரித்து நன்றி சொன்னேன். அறைக்கு வந்ததும் இரண்டு தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின.

செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்து ஒரத்தநாடு கிளம்பினோம். சம்பா அறுவடை முடியும் சமயம். தார்ச்சாலையில் சரிபாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. பொன்னிறமாக அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் காய்ந்தது. மீதிப் பாதியில் எதிரே பஸ் வந்தது. எங்கள் ஆட்டோ நின்றது. பஸ்ஸும் நின்றது. இரண்டு பேரில் யாரும் நெல்லின் மேல் ஏற்றவில்லை. ஒரு பெண் நெல்லுக்குள் காலை அளைந்து அளைந்து நடந்து, கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

“இப்பிடி ரோட்டுல போடலாமா?” என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

“வேற எங்கங்க போடுறது? ஈரப்பதம் கூடுதலா இருந்தா கொள்முதல் நிலையத்துல மெஷின வச்சுப் பாத்துட்டு எடுக்க மாட்டேம்பாங்க. தார்ச்சூட்டுல ஒரே நாள்ல காஞ்சிரும்.” பிறகு பஸ் ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார்: “அண்ணே, நீங்க பின்னாடி போறீங்களா, நான் எறங்கி சாப்புட்டு வந்துரட்டுமா?”

பஸ்தான் பின்வாங்கியது. மீனு கைதட்டினாள்.

தையல் கூடம் முன்பு அரிசி ஆலையின் கிடங்காக இருந்ததாம். இருபத்திரண்டு பெண்கள். உத்தரத்தில் சேலைத் தூளி கட்டி அதில் யாருடைய குழந்தையோ தூங்கியது. கூடத்தை நடத்தும் கலைச்செல்வி அக்காவோடு எட்டு மாதமாகப் போனில் பேசியிருக்கிறேன். நேரில் பார்த்ததும், “என்ன மேடம், குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்ல. நான் நல்லா ஒசரமா நெனச்சு வச்சிருந்தேன்” என்றார். கட்டிங் மேசையில் மல்லிகா. அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அக்கா ஒரு கோட்டை எடுத்து, மாப்பிள்ளைக்குப் பொன்னாடை விரிப்பதுபோல விரித்துக் காட்டினார். வெளியே கருநீலப் பருத்தி. உள்ளே மயில் கழுத்து நிறத்தில் வழவழவென்று மின்னும் லைனிங்.

“தொட்டுப் பாருங்க மேடம்.”

தொட்டேன். விரல் வழுக்கியது. என் கோப்பில் இருந்தது ஈரோட்டுப் பருத்தி லைனிங். இது பருத்தியே இல்லை.

“இது ஈரோட்டுத் துணிதானேக்கா?”

கூடம் முழுக்கச் சிரித்தது.

“ஈரோடா? மேடம், இது ஃபாரின்!” என்றார் அக்கா. “ஏய் ஜெயந்தி, எந்திரிச்சு வா.”

ஜெயந்தி முப்பது வயதுப் பெண். சொந்த ஊர் கீழ்வேளூர், வாக்கப்பட்டது ஒரத்தநாட்டில். கணவர் சிங்கப்பூரில் ஒரு துணிக் கிடங்கில் வேலை. அந்தக் கிடங்கை மூடும்போது வேலைக்காரர்களுக்கு மிச்சத் துணியைக் கொடுத்தார்களாம். வீட்டுக்குப் பெட்டி போடும்போது பால் பவுடர், தைலம், சாக்லேட்டோடு இரண்டு சுருள் லைனிங்கும் அனுப்பியிருக்கிறார்.

“அவரு ரவிக்கைக்கு வச்சுக்கன்னுதான் அனுப்புனாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. ஃபாரின்காரங்க போடுற கோட்டு, உள்ளார ஈரோட்டுத் துணிய வச்சு அனுப்புனா நம்மள என்ன நெனப்பாங்க? அதான் அக்காகிட்ட குடுத்தேன்.”

“அதுக்குன்னு தனியா எதுவும் கேக்கலங்க” என்றார் அக்கா. “நம்மூரு மரியாதை.”

எனக்கு அது புரிந்தது. சேலத்தில் எங்கள் வீட்டிலும் துபாய்ச் சோப்பு ஒன்று கண்ணாடி அலமாரியில் யாரும் பிரிக்காமல் ஏழு வருடம் இருந்தது. மெல்போர்னுக்குப் போன பிறகுதான் சோப்பு என்றால் சோப்புதான் என்று ஆயிற்று. இங்கே இவர்கள் வீட்டிலிருந்த நல்ல பொருளை விருந்தாளிக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த விருந்துதான் என் கையெழுத்தைப் பொய்யாக்கப்போகிறது.

அதைவிட மோசமான விஷயம் ஒன்றும் இருந்தது. மூன்று வாரம் முன்பு அக்கா இந்த லைனிங் போட்ட முதல் கோட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். மீனுவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்துவிட்டு, “லைனிங் சூப்பர்க்கா!” என்று எழுதி இரண்டு இதயம் போட்டவள் நான். அதை நம்பித்தான் மீதி ஐம்பத்தொன்பதும் தைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, “ரொம்ப அழகா இருக்குக்கா. நாளைக்குப் பேசலாம்.” பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டேன். மல்லிகா மாஸ்டர் முள் எடுத்து எடுத்து மீனுவுக்கு ஊட்டினார். எடுத்த முள்ளை எல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஏதோ ஒன்று விட்டுப்போனால் தெரிந்துவிடும் என்பதைப்போல.

புதன்கிழமை காலை, இந்தக் குழப்பத்தில், தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் ஒருவரிடம் “ஒரத்தநாடு போகுமா?” என்று கேட்டேன். “போகும், போகும்” என்றார். அவர் பக்கத்து பஸ்ஸைச் சொல்லியிருக்கிறார். மீனு ஜன்னல் சீட்டைப் பார்த்து ஏறிவிட்டாள், பின்னாலேயே நானும். பாபநாசம் பலகை கண்ணில் பட்ட பிறகுதான் கண்டக்டரிடம் கேட்டேன்.

“ஒரத்தநாடா? அது அந்தப் பக்கம்ல. இது கும்பகோணம் வண்டி.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்ல, வந்தது வந்தீங்க, தாராசுரத்துல எறங்கி சாமி கும்புட்டுட்டுப் போங்க” என்றார்.

அப்படித்தான் நான் தாராசுரம் பார்த்தேன். புல்தரை பச்சையாக, கோயில் வெயிலில் தேன் நிறமாக நின்றது. தேர் போலச் செய்த மண்டபத்தின் கல் சக்கரத்தைச் சுற்ற முடியுமா என்று மீனு தள்ளிப் பார்த்தாள். தூணில் உள்ளங்கை அகலச் சதுரச் சிற்பங்களில் ஆடுகிறவர், குதிப்பவர், பிள்ளை பெறுபவர் எல்லோரும் இருந்தார்கள். பார்க்கத்தான் எனக்கு மனமில்லை. நிழலில் உட்கார்ந்து ஹெலனைக் கூப்பிட்டேன். மெல்போர்னில் மதியம் தாண்டியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ அந்தப் படத்தைப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“பார்த்தேன். பாராட்டியும் எழுதினேன்.”

“சரி. பொய்க் கையெழுத்து வேண்டாம். சலுகை இல்லாமல் கொண்டுவந்தால் எனக்குக் கட்டுப்படியாகாது. குளிர்கால ஆர்டரை வேறு இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்ய வழி இருந்தால் செய்.” பிறகு, “அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டாயா?” என்றார்.

“இன்னும் இல்லை.”

“அதை முதலில் செய்” என்று வைத்துவிட்டார்.

இரண்டு பஸ் மாறி ஒரத்தநாடு போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பாடு முடித்துத் திரும்ப மிஷினில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். ஆங்கிலத்தில் மனப்பாடமாக இருந்த விதி தமிழில் வாய்க்கு வரவில்லை. வேற்று நாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து இங்கே பேருக்குத் தைத்து அனுப்பிச் சலுகை வாங்கிவிடக் கூடாது, அதற்காக வைத்த விதி என்று எப்படியோ சுற்றி வளைத்துச் சொன்னேன். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஜெயந்தியின் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப அவரு அனுப்புனது கெட்ட துணியா?”

“இல்லைங்க, ரொம்ப நல்ல துணி. அதான் பிரச்சினையே.”

“நல்லாருந்தா பிரச்சினையாம். என்ன ஊருங்க அது?” என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர்.

“தப்பு என்னோடதுதான்க்கா” என்றேன். “படம் பாத்தப்பவே கேட்டிருக்கணும்.”

“ஆமா, படத்துலயே நல்லாத் தெரிஞ்சுச்சே” என்றார் கலைச்செல்வி அக்கா. “ரெண்டு ஹார்ட்டு வேற போட்டீங்க.”

சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் நின்றபோது மல்லிகா மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“இதுல என்னடி புரியல? நெல்லுக்கு ஈரப்பதம் பாக்குறாப்புலதான். இவ்வளவு வரைக்கும் இருக்கலாம், அதுக்கு மேல கூடுனா எடுக்க மாட்டாங்க. மேடம், ஈரம் கூடிருச்சுன்னா நாங்க நெல்லத் தூக்கியா எறிஞ்சுருவோம்? கொறச்சு எடுத்துட்டுப் போவோம்ல. அந்த மாதிரி, எவ்வளவு இருக்கலாம்னு சொல்லுங்க.”

“கோட்டு எடையில பத்துல ஒரு பங்கு.”

“இப்ப எவ்வளவு இருக்கு?”

யாருக்கும் தெரியவில்லை. நான் கோப்பைப் புரட்டினேன். அதிலும் இல்லை. மாஸ்டர் ஒரு கோட்டை எடுத்தார், பிளேடால் தையலைப் பிரித்தார். பத்து நிமிடத்தில் மேசையில் கோட்டு குடல் வேறு தோல் வேறாகக் கிடந்தது. வெளித்துணி, காலருக்குள் வைத்த கேன்வாஸ், பட்டன்கள், உடம்பு லைனிங், கை லைனிங். கூடத்தில் இருந்த தராசு மூட்டை நிறுக்கிற தராசு. இருநூறு கிராமுக்குக் கீழே அது எதையும் மதிக்காது.

“நகைக்கடைக்குப் போவோம்” என்றார் அக்கா.

கடைத்தெருவில் அக்கா, மாஸ்டர், ஜெயந்தி, நான் என நான்கு பெண்களும் ஒரு குழந்தையும் பையில் ஒரு பிரித்த கோட்டுமாக நுழைந்ததைக் கண்டு கடைக்காரர் எழுந்தே விட்டார்.

“வாங்க வாங்க. என்னது, சரிகையா? உருக்கணுமா?”

“கோட்டுண்ணே. நிறுத்துக் குடுங்க” என்றார் அக்கா.

“கோட்டுல எங்கம்மா தங்கம் இருக்கு?”

“எங்களுக்கு இப்ப தங்கம் மாதிரிதான். போடுங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் எண் ஆடுகிறது என்று விசிறியையும் நிறுத்தினார். நகை பார்க்க வந்த ஒரு குடும்பம் வளையலை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றது. மொத்தக் கோட்டு அறுநூற்று நாற்பது கிராம். மின்னும் லைனிங் முழுவதும் தொண்ணூற்றெட்டு.

“அறுவத்துநாலுதான் இருக்கலாம். கூடுதல்” என்றேன்.

“இருங்க” என்றார் மாஸ்டர். “அண்ணே, இந்தக் கை லைனிங் ரெண்ட மட்டும் போடுங்க.”

நாற்பத்தொன்று.

“அப்ப சரியாப்போச்சு. ஒடம்புக்கு ஈரோட்டுத் துணி, கைக்கு இது. கைக்குத்தான் மேடம் வழுக்கணும். ஓட்டல்ல வேலை பாக்குறவங்க அவசரமா மாட்டுவாங்க. பருத்தி வச்சா சட்டைக் கையும் சேந்து சுருட்டிக்கிட்டு மேல ஏறும். ஈரோட்டுத் துணி கனம் வேற, கோட்டு எடையும் கூடிரும்.”

நான் போனில் பெருக்கி வகுத்துப் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு, பெரிய அளவுக்கும் சின்ன அளவுக்கும் தனித்தனியாக நிறுக்க வேண்டுமே என்றேன். அக்கா வெளியே போய், போன் போட்டு இரண்டு கோட்டை வரவழைத்தார். கடைக்காரரின் பொறுமையைச் சொல்ல வேண்டும். அவற்றின் லைனிங்கையும் மாஸ்டர் பிரிக்கப் பிரிக்க நிறுத்துக் கொடுத்துவிட்டு, “செய்கூலி சேதாரம் எதுவும் போடல” என்றார்.

தாளில் நாட்டின் பெயர் எழுத வேண்டும். கூடத்துக்குத் திரும்பியதும் சுருளின் அட்டைக் குழாயைத் தேடி எடுத்தோம். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் கொரியா என்று இருந்தது. ஜெயந்தி உடனே சிங்கப்பூருக்குப் போன் போட்டாள். கணவர் எடுத்ததும் எடுக்காததுமாக:

“என்னங்க, சிங்கப்பூர் துணின்னு சொன்னீங்க? கொரியான்னு போட்டுருக்கு! … இல்ல, திட்டல. அறுவது பேரு கையில ஏறப்போவுது உங்க துணி. … அதெல்லாம் கை மட்டுந்தான். ஒடம்பு ஈரோடு. ரொம்பப் பேசாதீங்க, வேலை கெடக்கு.”

வியாழக்கிழமை பகல் முழுவதும் அந்தக் கூடத்தில் கோட்டுகளின் உள்பக்கம் மட்டுமே தெரிந்தது. இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் பிரித்தார்கள். பாதிப் பேர், முதலிலேயே வாங்கி மூலையில் போட்டிருந்த ஈரோட்டு லைனிங்கை வெட்டித் தைத்தார்கள். நானும் பிளேடு கேட்டேன். மூன்றாவது கோட்டிலேயே வெளித்துணியில் அரை விரற்கடை கீறிவிட்டேன்.

“மேடம், நீங்க எழுத்து வேலையப் பாருங்க” என்று மாஸ்டர் பிளேடைப் பிடுங்கிக்கொண்டார். கீறலை அவர் உள்பக்கமிருந்து இழை எடுத்து மூடினார். எங்கே கீறினேன் என்று பிறகு என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

எழுத்து வேலையில் மூழ்கித் தலை நிமிர்ந்தபோது மீனுவைக் காணோம். கட்டிங் மேசைக்குக் கீழே இல்லை. தூளியில் இல்லை. வாசலுக்கு ஓடினேன். எதிரே வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “மீனு! மீனு!” என்று கத்தினேன்.

“ஏம்மா, கத்தாத. பிள்ள எந்திரிச்சிரும்” என்றது கூடத்துக்குள்ளிருந்து ஒரு குரல். அதுவரை மேடமாக இருந்தவள் அப்போதுதான் அம்மாவானேன் என்பதை அன்று கவனிக்கவில்லை. பிரித்துப் போட்ட மயில் நிற லைனிங் குவியலுக்கு நடுவில் மீனு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ அவள் மேலும் ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ஜெயந்தி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்த மோரா என்று நான் கேட்கவில்லை. குடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் அறுபதும் தயார். மூன்று அளவிலும் ஒவ்வொரு கோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி நகைக்கடை. இந்த முறை கடைக்காரரே விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மூன்றுமே எல்லைக்குள்தான். தராசின் படங்களையும், கைக்கு மட்டும் வழுக்கும் துணி வைக்க மாஸ்டர் சொன்ன காரணத்தையும் ஹெலனுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: “கையெழுத்துப் போடு. மெல்போர்ன் ஓட்டல்காரருக்கு அந்தக் கை பிடிக்கும் என்று நினைக்கிறேன். குளிர்கால ஆர்டரும் அவர்களுக்கே. ஆனால் இனி எந்தத் துணியானாலும் முன்கூட்டிக் கேட்கச் சொல்.” மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா, “கேக்குறோம், கேக்குறோம்” என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு கட்டிங் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு எல்லோருக்கும் அசோகா அல்வா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

லாரி வாசலில் நின்றது. கட்டிங் மேசையில் தாளை விரித்து, வேற்று நாட்டுப் பொருள் என்ற கட்டத்தில் எழுதினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

“என்ன எழுதினீங்க, படிங்க” என்றாள் ஜெயந்தி.

“கை லைனிங். நாடு கொரியா. எடை இவ்வளவு. அவ்வளவுதான், இனிமே கையெழுத்து.”

“ஃபாரின் எதுன்னு மட்டுந்தான் கேக்குதா அது?”

“ஆமா.”

“எங்களது எதுன்னு கேக்கலயா?”

தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அப்படி ஒரு கேள்வி அதில் இல்லை. கடைசியில் ‘குறிப்புகள்’ என்று இரண்டு வரி இடம் மட்டும் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் நான் எதுவும் எழுதியதில்லை. கேட்காததை எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான்.

“சொல்லுங்க” என்றேன்.

“வெட்டுனது மல்லிகான்னு போடுங்க” என்றார் மாஸ்டர். பட்டன் துளைக்குக் காஜா எடுத்தவர் சொன்னார். காலர் வைத்தவர் சொன்னார். பட்டன் தைத்த இரண்டு பேர், யார் பெயர் முதலில் என்று இடித்துக்கொண்டார்கள். ஐந்தாவது பெயரிலேயே இடம் தீர்ந்துபோனது. லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். விதிமுறையை எடுத்து ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். பின்பக்கம் எழுதக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. தாளைத் திருப்பிப் போட்டு, ஆறாவது பெயரைக் கேட்டேன்.